சிரை அழற்சியும் அதன் சிகிச்சையும்
(நின்று உழைப்போர் குடும்பங்கள் அறிய வேண்டியவை)

திருச்சிராப்பள்ளி பெரிய கடைவீதியிலும் சின்னக் கடைவீதியிலும் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்று வியாபாரம் செய்வோர் பலர். ஸ்ரீரங்கத்திலே மடைப்பள்ளிகளிலும் உணவு விடுதிகளிலும் அடுப்பின் முன் நின்றபடியே உழைப்போர் உண்டு. பொன்மலைப் பணிமனையிலும் திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலையிலும் நின்று வேலை செய்வோர் உண்டு. உறையூரில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் அமர்ந்து நெய்வோரும், காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குவோரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் காலே மூலதனம். வண்டி மாட்டுக்குக் கால் நொண்டினால் வண்டிக்காரன் அன்றே வைத்தியம் பார்க்கிறான். தன் காலில் சிரை புடைத்து, வலித்து, சிவந்து நின்றாலோ, "நின்ற அலுப்பு" என்று சொல்லி மாதக்கணக்கில் பொறுத்துக் கொள்கிறான். பிறகு கால் புண்ணாகி வேலைக்குப் போக இயலாமற் போகும்போது வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் தேடுகிறான். தொடக்கத்தில் சிறு முயற்சியால் தடுக்கக்கூடிய நோய், முற்றிய பின் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துகிறது. சிற்சில வேளைகளில் உயிருக்கே அபாயமாகிறது. ஆகையால் இந்நோயின் தன்மை யாது, எப்போது வீட்டில் பார்த்துக் கொள்ளலாம், எப்போது ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பவற்றைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சிரை என்பது யாது?

காலில் நீல நிறமாக நெளிந்து தோன்றுவதை நம் ஜனங்கள் "நரம்பு" என்றும், அது முறுக்கிக் கொண்டால் "நரம்பு சுருட்டு" என்றும் கூறுவர். உண்மையில் அது நரம்பன்று. நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டு செல்லும் தந்தி போன்றது. அதில் இரத்தம் ஓடுவதில்லை. இருதயத்திலிருந்து நல்ல இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய் தமனி. உடலெங்கும் உலாவிய இரத்தத்தை மீண்டும் இருதயத்துக்குக் கொண்டு வரும் குழாய் சிரை. தோலுக்கடியில் நீலமாகத் தெரிவது இந்தச் சிரையே. இவ்வேறுபாட்டை அறியாமையால் "நரம்பு பிசகிவிட்டது" என்று எண்ணி எண்ணெய் தேய்த்து வழித்துவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. அதனால் விளையும் தீங்கு பின்னர் கூறப்படும்.

தலையிலிருந்து இரத்தம் இருதயத்துக்கு இறங்குவது எளிது. பாதத்திலிருந்து ஏறுவதோ கிணற்றிலிருந்து நீர் இறைப்பதை ஒத்தது. இந்த வேலையை இரண்டு ஏற்பாடுகள் செய்கின்றன. முதலாவது, கெண்டைக்கால் சதை. நடக்கும்போது இச்சதை சுருங்கி, உள்ளேயிருக்கும் சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏற்றம் மிதிப்பவன் போல ஒவ்வோர் அடியிலும் இது வேலை செய்கிறது. இரண்டாவது, சிரைக்குள் இருக்கும் சிறு கதவுகள். ஏறிய இரத்தம் மீண்டும் கீழே விழாதபடி இவை மூடிக் கொள்கின்றன. இக்கதவுகளை இத்தாலி தேசத்தில் பதுவா நகரத்து ஆசிரியர் பாப்ரிசியஸ் 1603-இல் ஒரு நூலில் விவரித்து, "சிறு கதவுகள்" என்றே பெயரிட்டார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர், இக்கதவுகள் ஒரு திசையில் மாத்திரமே திறப்பதை ஒரு சான்றாகக் கொண்டு, இரத்தம் உடலில் வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் உலகுக்கு நிரூபித்தார்.

மதகு பழுதானால் என்ன நேரும் என்பதைத் திருச்சி ஜில்லாவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள பழைய மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. தேக்கி வைக்க வேண்டிய நீர் தன் போக்கில் ஓடிற்று. காலிலும் இதுவே நிகழ்கிறது. சிரையின் கதவு தளர்ந்தால், மேலே ஏறிய இரத்தம் கீழே திரும்பி விழுகிறது, விழுந்த பாரம் அடுத்த கதவைத் தாக்குகிறது, அதுவும் தளர்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. நடக்கத் தொடங்கியதும் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கதவு பழுதான காலில் நடந்தாலும் அழுத்தம் அவ்வளவு குறைவதில்லை. ஆகவே சிரைகள் வீங்கி, நீண்டு, புழுப்போல் நெளிகின்றன. சிரைச் சிகிச்சை அனைத்துக்கும் அடிப்படை இந்த ஒன்றேயாகும்: தேங்கிய இரத்தம் மேலே ஏற வழி செய்தல்.

அழற்சி உண்டாகும் விதம்

சிரையின் சுவர் புண்பட்டுச் சிவந்து, வெப்பங் கொண்டு, வலியெடுத்தலே சிரை அழற்சி. பெரும்பாலும் அதனோடு கூடவே சிரைக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. இரத்தம் குழாய்க்குள்ளே ஏன் உறைகிறது என்பதை ஜெர்மனி தேசத்து ருடால்ப் விர்க்கோ என்னும் பேரறிஞர் 1856-இல் ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்து வைத்தியர்கள் அக்காரணங்களை மூன்றாகத் தொகுத்தனர்.

முதலாவது, ஓட்டம் குன்றுதல். படுத்த படுக்கையாயிருத்தல், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டிருத்தல், பஸ்ஸிலோ ரயிலிலோ பல மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருத்தல், புடைத்த சிரையில் இரத்தம் தேங்குதல் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, குழாயின் சுவருக்குக் காயம். அடிபடுதல், அறுவைச் சிகிச்சை, கையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் குத்தி வைக்கும் ஊசிக்குழாய் ஆகியவை இவ்வகை.

மூன்றாவது, இரத்தம் எளிதில் உறையும் நிலையை அடைதல். கர்ப்ப காலம், பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்கள், புற்றுநோய், சில கருத்தடை மாத்திரைகள், உடலில் நீர் வற்றுதல், சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் இரத்த வேறுபாடு ஆகியவை இதற்குக் காரணம்.

இம்மூன்றில் ஒன்று மாத்திரம் இருந்தால் அநேகமாகத் தீங்கில்லை. இரண்டு மூன்று ஒன்று கூடும்போதுதான் நோய் பிறக்கிறது. அறுவைச் சிகிச்சையால் பிரசவித்து, பிறகு எழுந்து நடமாடாமல் படுத்தேயிருக்கும் தாய்க்கு மூன்றும் ஒருங்கே கூடுகின்றன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மேற்சிரை அழற்சி

தோலுக்கு அடுத்துள்ள சிரையில் அழற்சி வந்தால், அவ்விடத்தில் கயிறு போன்ற கெட்டியான தடிப்பு கைக்குத் தட்டுப்படும். தோல் சிவந்து சூடாயிருக்கும், தொட்டால் வலிக்கும். சிலருக்கு இலேசான ஜுரமும் காணும். முன்னரே புடைத்திருந்த சிரையிலேதான் இது பெரும்பாலும் வருகிறது. சில வாரங்களில் சிவப்பும் வலியும் தணியும். தடிப்பு முற்றும் மறையச் சில மாதங்கள் ஆவதுமுண்டு.

இதற்குச் சிகிச்சை எளியது. படுக்கையில் கிடத்தல் கூடாது. இயன்ற அளவு நடக்க வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை இருதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இதமாக ஒற்றலாம். வைத்தியர் கூறும் வலி நிவாரண மருந்தை உட்கொண்டு, அழுத்தக் காலுறை அணியலாம். கிருமியால் வந்ததல்லாத அழற்சிக்குக் கிருமிக்கொல்லி மருந்து தேவையில்லை. மருந்துக் கடையில் தாமாகவே அதை வாங்கி விழுங்குவது பணத்துக்கும் உடலுக்கும் நஷ்டம்.

ஆனால் மேற்சிரை அழற்சி எப்போதும் சாதுவான நோய் என்று எண்ணிவிடலாகாது. தடிப்பு 5 சென்டிமீட்டருக்கு அதிகமாக நீண்டாலும், முழங்காலைக் கடந்து தொடையிடுக்கை நோக்கி ஏறினாலும், உறைகட்டி ஆழ்ந்த சிரைக்குள் புகும் அபாயம் உண்டு. அத்தகைய நோயாளர் சுமார் 3,000 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2010-இல் வெளியாயிற்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்தை 45 நாட்கள் பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கே நோய் பரவுதல் முதலிய கேடு நேர்ந்தது. அம்மருந்து பெறாதவர்களுள் நூற்றுக்கு ஆறு பேருக்கு நேர்ந்தது. ஆகையால் காலில் இத்தகைய தடிப்பு கண்டவர் ஒரு முறையேனும் வைத்தியரிடம் காட்டி, அவர் வேண்டுமென்றால் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் கொள்ள வேண்டும். இச்சோதனையில் கத்தியுமில்லை, ஊசியுமில்லை. ஒலியலையின் உதவியால் சிரைக்குள் இரத்தம் ஓடுவதையும் நிற்பதையும் திரையில் காணலாம்.

குளுக்கோஸ் ஏற்றிய கையில் வரும் அழற்சியும் இவ்வகையே. வலியும் சிவப்பும் கண்டவுடன் நர்ஸம்மாளிடம் சொல்லி ஊசிக்குழாயை எடுக்கச் செய்ய வேண்டும். வீடு திரும்பிய பின் அவ்விடத்தில் சீழ் கட்டினாலோ, குளிர் ஜுரம் கண்டாலோ மீண்டும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

ஆழ்சிரையில் உறைகட்டி: தாமதிக்கக் கூடாத நோய்

சதைக்குள் ஆழ்ந்து செல்லும் பெரிய சிரையில் இரத்தம் உறைவதே மிகவும் அஞ்சத்தக்கது. வெளியில் கயிறு போன்ற தடிப்பு தெரியாது. ஒரு காலில் மாத்திரம் திடீரெனக் கெண்டைக்கால் அல்லது தொடை முழுவதும் வீங்கும், இறுகும், வெப்பமாயிருக்கும், நடந்தால் வலிக்கும். சிலருக்கு நிறமும் மாறும். இரு கால்களும் சமமாக வீங்குவதற்கு இருதயம், சிறுநீரகம், இரத்த சோகை போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். கும்பகோணம் பக்கத்தில் முன்னாட்களில் மிகுந்திருந்த யானைக்கால் கொசுவால் பரவுவது. அது மெல்ல மெல்லப் பெருப்பது. ஒற்றைக் கால் ஓரிரு நாளில் வீங்கினால், அதை ஆழ்சிரை உறைகட்டி என்றே ஐயுற்று அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இதன் அபாயம் காலோடு நிற்பதில்லை. உறைகட்டியின் துண்டு ஒன்று பிரிந்து, இரத்தத்தோடு ஏறி, இருதயத்தின் வழியாக நுரையீரலுக்குச் சென்று அங்குள்ள குழாயை அடைத்துவிடக் கூடும். அப்போது திடீரென மூச்சுத் திணறும், மார்பு குத்தும், மயக்கம் வரும், இருமினால் இரத்தம் வரலாம். இக்குறிகளைக் கண்டவுடன் 108 ஆம்புலன்ஸை அழைப்பதைத் தவிர வேறெதற்கும் ஒரு நிமிஷமும் செலவிடலாகாது. தமிழ்நாட்டில் 2008 முதல் இவ்வண்டி இலவசமாக வருகிறது.

இந்நோயாளர் காலைச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தடவி வழிக்கவோ, மிதிக்கவோ, நீவவோ ஒருபோதும் இடங் கொடுக்கலாகாது. தளர்ந்து ஒட்டியிருக்கும் கட்டியைக் கையால் பிடுங்கி நுரையீரலுக்கு அனுப்புவதற்கு அது சமானம். சுளுக்கு வழிப்பவர் கைராசியுள்ளவராயிருக்கலாம்; உள்ளே கட்டி இருப்பதை அவர் கை அறிய முடியாது.

பிரசவத்துக்குப் பின் ஒரு கால் வெளுத்து வீங்குவதைப் பழங்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் "பால் கால்" என்றனர். தாய்ப்பால் வழி தவறிக் காலில் இறங்கிவிட்டது என்று நம்பி, குழந்தைக்குப் பாலை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. அது பாலன்று, உறைந்த இரத்தமே என்பது பின்னர் தெளிவாயிற்று. நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளைப் பல நாட்கள் அசையாமல் படுக்க வைப்பதும், "வயிறு போடும்" என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் சில இடங்களில் வழக்கம். இவையிரண்டும் இரத்தம் உறைவதற்கே துணை செய்வன. வைத்தியர் தடுத்தாலன்றி, பிரசவித்த மறுநாளே தாய் எழுந்து சிறிது நடமாட வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் அருந்த வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் இதை அறிந்து அனுமதிப்பது அப்பெண்ணுக்குச் செய்யும் பெரும் பணிவிடையாகும்.

மருந்து வந்த கதை

ஆழ்சிரை உறைகட்டிக்குச் சிகிச்சை, இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து. கட்டி வளராமல் மருந்து தடுக்க, இருக்கும் கட்டியை உடலே சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வகை மருந்துகளுள் மிகப் பிரபலமான ஒன்று, மாட்டுத் தீவனத்திலிருந்து பிறந்தது என்பது விவசாயிகளுக்கு வியப்பளிக்கும்.

1920-ஐ அடுத்த ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் காரணந் தெரியாமல் இரத்தம் வடிந்து மாண்டன. கொம்பு தீய்த்தால் இரத்தம் நிற்பதில்லை, காயடித்தால் நிற்பதில்லை. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனத்தை அம்மாடுகள் தின்றதே காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் கண்டனர். 1933-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர், பனிப்புயலில் வண்டி ஓட்டிக் கொண்டு, மாண்ட கிடாரியையும், பால் பாத்திரம் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் சர்வகலாசாலைக்கு எடுத்துச் சென்றார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் ரசாயன ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஆறு வருஷங்கள் உழைத்து, இரத்தம் உறையாமல் தடுத்த அப்பொருளை 1939-இல் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் செய்த வார்பரின் என்னும் பொருள் முதலில் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்களுக்கு அளவறிந்து கொடுக்கும் மருந்தாயிற்று. இன்றும் வழங்கி வருகிறது.

அளவு கூடினால் இரத்தப் போக்கும், குறைந்தால் உறைகட்டியும் விளையும் மருந்தாகையால், இதை உட்கொள்வோர் சில விதிகளைக் கண்டிப்பாய்க் கடைப்பிடிக்க வேண்டும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். கீரையை அறவே தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் அறவே இன்றியும் உண்ணாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். கீரையிலுள்ள கே வைட்டமின் மருந்தின் வேகத்தைக் குறைப்பதே இதற்குக் காரணம். வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரையோ, நாட்டு மருந்தோ, லேகியமோ சேர்க்கலாகாது. பல் பிடுங்கும் முன்பு மருந்து உட்கொள்வதைத் தெரிவிக்க வேண்டும். கர்ப்பமுள்ள பெண்களுக்கு இம்மாத்திரைக்குப் பதிலாக ஹெபரின் வகை ஊசி போடுவர். அண்மைக் காலத்தில் அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளும் வந்துள்ளன. எதுவாயினும், குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்ததென்று பாதியில் நிறுத்தினால் நோய் மீளும்.

புடைத்த சிரையும் ஆறாப் புண்ணும்

சிரைப் புடைப்பு நாட்படக் கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். சொறிந்த இடம் புண்ணாகும். இப்புண் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆறாது. பச்சிலைப் பற்றும், சுண்ணாம்பும், காய்ந்த மருந்துத் தூளும் போட்டுப் புண்ணைப் பெரிதாக்கிக் கொண்டு வருவோர் உண்டு. புண்ணின் காரணம் மேலே இல்லை. உள்ளே தேங்கி நிற்கும் இரத்தமே காரணம். வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகினால், வடிகால் வெட்டாமல் உரம் போடுவதால் பயன் யாது?

இதற்கு வடிகால், அழுத்தக் கட்டு. காலையில் படுக்கையை விட்டு எழுமுன், கால் வீங்காதிருக்கும்போதே கிரேப் பாண்டேஜைச் சுற்ற வேண்டும். பாதத்தின் விரலடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிக்க வேண்டும். கணுக்காலில் இறுக்கமாயும், மேலே செல்லச் செல்லச் சற்றுத் தளர்வாயும் இருத்தல் வேண்டும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்தினால் தீமையே விளையும். இரவில் படுக்கும்போது கழற்றலாம். அளவெடுத்து விற்கும் அழுத்தக் காலுறையும் இதே பயனைத் தரும். முதல் முறை வைத்தியர் அல்லது நர்ஸ் கட்டக் கண்டு பழகிக் கொள்ள வேண்டும். நீரிழிவுள்ளவர், புகை பிடிப்பவர், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக் கொள்பவர் ஆகியோருக்குத் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். அவர்கள் வைத்தியர் சோதித்துச் சொல்லாமல் இறுக்கக் கட்டு கட்டலாகாது.

பழுதான சிரையை நீக்கியோ அடைத்தோ நோயைத் தீர்க்கும் சிகிச்சைகளும் உண்டு. தொடையில் சிரையைக் கட்டிவிடும் முறையை ஜெர்மன் அறுவை வைத்தியர் டிரெண்டலன்பர்க் 1890-ஐ ஒட்டி விளக்கினார். இன்று அதனோடு, சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி லேசர் ஒளியாலோ வானொலி அலையாலோ சுட்டு அடைக்கும் முறையும், மருந்தை ஊசியால் செலுத்தி அடைக்கும் முறையும் வழங்குகின்றன. பழுதான சிரையை அடைத்தால் இரத்தம் எவ்வழியே செல்லும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காலின் இரத்தத்தில் பெரும்பகுதி ஆழ்சிரைகளின் வழியாகவே ஏறுகிறது. உடைந்த கிளை வாய்க்காலை அடைத்தால் நீர் பெரிய வாய்க்காலில் ஒழுங்காய்ச் செல்வது போன்றதே இது. சிகிச்சையைத் தள்ளிப் போடாமல் இருப்பதன் பயனும் நிரூபிக்கப்பட்டுள்ளது. 2018-இல் இங்கிலாந்தில் புண்ணுடைய 450 பேரைக் கொண்டு வெளியான ஆராய்ச்சியில், கட்டோடு சேர்த்து உடனே சிரையை அடைத்தவர்களுள் பாதிப் பேருக்கு 56 நாட்களில் புண் ஆறிற்று. அச்சிகிச்சையைத் தள்ளி வைத்தவர்களுள் பாதிப் பேருக்கு ஆற 82 நாட்கள் ஆயின. கூலிக்கு உழைப்பவனுக்கு அந்த 26 நாட்களின் மதிப்பு என்னவென்பதை அங்கத்தினர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

புடைத்த சிரை திடீரென வெடித்து இரத்தம் பீறிடுவதும் உண்டு. அப்போது பயந்து ஓடலாகாது. உடனே மல்லாந்து படுத்து, காலைச் சுவரின் மேலோ பெட்டியின் மேலோ உயர்த்தி, சுத்தமான துணியால் இரத்தம் வருமிடத்தைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தினால் அநேகமாக நின்றுவிடும். தொடையில் கயிறு போட்டு இறுக்குவது தவறு. இரத்தம் நின்ற பின் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சுருட்டும் பீடியும்

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து இங்கிலாந்து வரை புகழ் பெற்றிருந்தது. அப்புகழுக்குப் பின்னால் ஒரு கேடும் உண்டு. சுருட்டும் பீடியும் பிடிக்கும் நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்குக் கை கால்களின் சிறு தமனிகளிலும் சிரைகளிலும் அழற்சி கண்டு, இரத்தம் உறைந்து, விரல்கள் கறுத்து அழுகும் நோய் ஒன்று வருகிறது. நியூயார்க் நகரத்து லியோ பர்கர் என்பவர் 1908-இல் விரிவாக ஆராய்ந்தமையால் அது அவர் பெயரால் வழங்குகிறது. நம் தேசத்தில் பீடி பிடிக்கும் ஏழைத் தொழிலாளரிடையே இது மிகுதி. இன்று காலில் ஓரிடம், அடுத்த மாதம் கையில் வேறிடம் என்று மேற்சிரை அழற்சி இடம் மாறித் தோன்றுவது சிலருக்கு இந்நோயின் முதல் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையின்போதே புகையிலையை அடியோடு விட்டவர் பெரும்பாலும் கால் இழப்பதில்லை. "ஒன்றிரண்டு மாத்திரம்" என்று தொடர்பவர் விரலையும், பின்பு காலையும் இழக்கிறார். இதற்கு வேறு மருந்து தேடிப் பயனில்லை.

நினைவிற் கொள்ளத்தக்க விதிகள்

1. நின்று வேலை செய்வோர் மணிக்கு ஒரு முறையேனும் சில நிமிஷம் நடக்க வேண்டும். இயலாவிடில் நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது முறை தூக்கித் தாழ்த்த வேண்டும்.

2. தறியிலோ வண்டியிலோ நெடுநேரம் அமர்வோர் அடிக்கடி கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும்.

3. வீடு திரும்பியதும் கால் மணி நேரம் காலை இருதய மட்டத்துக்கு மேல் உயர்த்திப் படுக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு செங்கல் உயரம் கொடுத்துத் தூங்கலாம்.

4. ஒற்றைக் கால் திடீரென வீங்கினால் வழிக்கலாகாது, நீவலாகாது. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

5. மூச்சுத் திணறலோ மார்பு வலியோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

6. கணுக்காலில் தோல் கறுத்து அரித்தால், புண்ணாகும் வரை காத்திராமல் சிகிச்சை பெற வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

இந்நோய்க்குத் தனி மனிதன் முயற்சி மாத்திரம் போதாது. நிற்பவன் உட்கார விரும்பினாலும் உட்கார ஓர் ஆசனம் வேண்டுமல்லவா? கேரளம் 2018-இல் கடைத் தொழிலாளருக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் எல்லாத் தொழிலாளருக்கும் தக்க இருக்கை அமைத்து, வேலையினிடையே வாய்ப்புக் கிட்டும்போது அவர்கள் உட்கார இடமளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சட்டம் ஏட்டில் இருந்தால் காலுக்குப் பயனில்லை. கூட்டுறவுப் பண்டகசாலைகளும் நியாய விலைக் கடைகளும் முதலில் தம் விற்பனையாளருக்கு ஒரு முக்காலியேனும் போட்டு வழி காட்டலாம். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானிக்கலாம்.

அழுத்தக் காலுறையும் பாண்டேஜும் வேண்டிய அங்கத்தினரின் பெயர்களைத் தொகுத்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். பொதுக்குழு கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்துக் கட்டுக் கட்டும் முறையைக் காட்டச் செய்யலாம். திருச்சிராப்பள்ளியில் கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அறுவை தேவைப்படுவோர் தனியாரிடம் கடன்பட்டுச் செல்லுமுன் அங்கே காட்டி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்குள்ள உரிமையை விசாரித்தறிய வேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வைத்துக் கொண்டு காப்பீட்டு அட்டை பெறாதிருப்போர் எவரெவர் என்று சங்கக் காரியதரிசி ஒரு ஜாபிதா எடுத்தால், நோய் வந்த பிறகு அலைய வேண்டியதிராது.

கடனைப் பற்றி நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு. தவணை தவறிய முதல் மாதமே கவனித்தால் சிறு தொகையில் தீரும். விட்டுவிட்டால் நிலத்தை விழுங்கும். காலில் புடைத்த சிரையும் அவ்வாறே. அது சிறிதாயிருக்கும்போது நடையும், உயர்த்தி வைத்தலும், ஒரு முழக் கட்டுமே அதற்குப் போதுமானவை. அவ்வளவு எளிய சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், உழைப்பவன் ஒருவனேனும் அறியாமையால் காலை இழக்கலாகாது.